கேசரோ அடுப்பில் புகை இல்லை

எங்கள் ஃபாசில்கா ஊரை ஒரு காலத்தில் நூற்றி நாற்பத்து நான்கு ரூபாய் எட்டணாவுக்கு விற்றார்களாம். நிலத்துக்காரர் பெயர் ஃபாசில். வாங்கியவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. காசை வாங்கிக்கொண்ட பிறகும், 'ஊருக்கு என் பெயரை வை, இல்லையென்றால் கைநாட்டு வைக்க மாட்டேன்' என்று ஃபாசில் அடம் பிடித்தாராம். எனக்கு அந்த எட்டணாதான் உறுத்திக்கொண்டே இருக்கும். எட்டணாவைக்கூட விடாத ஊர் இது. ஆனால் ஊரையே விட்டுவிட்டுக் கிளம்ப எங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

ஏன் என்று கேட்காதீர்கள். நாற்பத்தேழில் நாட்டைப் பிரித்துக் கோடு போட்டார்கள். கம்பளி மூட்டைகளைக் கடல் துறைமுகம் வரை கொண்டுபோன தண்டவாளம் எங்கள் ஊரோடு முட்டிக்கொண்டு நின்றது. மணிக்கூண்டிலிருந்து எல்லை வேலி பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கே ஒருவன் தும்மினால் இங்கே நாங்கள் பெட்டி கட்டுவோம். அறுபத்தைந்தில் ஓடினோம், எழுபத்தொன்றில் ஓடினோம், அப்புறம் சண்டையே இல்லாதபோதும் ஓடினோம். அப்படி ஓடிய ஒரு தடவையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கேசரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சந்தில் பதினொரு வீடு. சந்து முனையில் கேசரோவின் ஒற்றை அறை, அதன் முன்னால் ஒரு கூரை, கூரைக்கடியில் தரையில் புதைத்த மண் அடுப்பு, தந்தூர். காலையும் சாயங்காலமும் பதினொரு வீட்டுப் பெண்களும் மாவைப் பிசைந்து தாம்பாளத்தில் வைத்து, ஈரத்துணி மூடி அவளிடம் கொண்டுபோவோம். அவள் சுட்டுத் தருவாள். கூலி காசில்லை. பத்து ரொட்டிக்கு ஓர் உருண்டை மாவு அவளுக்கு. எந்த மாவு எந்த வீட்டுடையது என்று தெரிய ஒவ்வொருத்திக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒருத்தி கட்டை விரலால் குழி வைப்பாள், ஒருத்தி கோடு கிழிப்பாள். எங்கள் மாவில் இரண்டு விரல் பதிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கேசரோ சொல்லிவிடுவாள், "இது சுதேஷ் வீட்டு மாவு, இன்னிக்கும் உப்பு போட மறந்துட்டா" என்று. சுதேஷ் நான்தான்.

கேசரோவின் புருஷன் பாம்பு கடித்துச் செத்துப் போனான். பிள்ளை இல்லை. மலோட் என்ற ஊரில் அண்ணன் மகள் ஒருத்தி இருந்தாள். அவ்வளவுதான் கேசரோவின் சொந்தம், எங்களை விட்டால்.

எழுபத்தொன்று டிசம்பரில் எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். பொழுது சாய்ந்ததும் எல்லைப் பக்கம் பீரங்கி முழங்க ஆரம்பித்தது. பருத்தி மண்டிக்காரர் தன் டிராக்டரைச் சந்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். விளக்கணைக்கச் சொல்ல வந்த ஆள், "அடுப்பை அணை, அடுப்பை அணை! மேலேர்ந்து பாத்தா தெரியும்!" என்று கேசரோவைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனான். சூடாக இருக்கிற தந்தூரில் தண்ணீரை ஊற்றினால் மண் வெடித்துவிடும். கங்குகளை வாரி வெளியே போட்டு, மண்ணைக் கொட்டி, ஈரச் சாக்கைப் போட்டு மூட வேண்டும். அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். நாங்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தோம்.

என் மாமியார் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ஒண்ணு, ரெண்டு... ஏ, அந்தப் பித்தளைப் பெட்டி எங்கடா?" நான் மெதுவாக, "அத்தே, கேசரோ அக்கா?" என்றேன். "அவ பின்னாடி வண்டியில வர்றா" என்றார் மாமியார். அவருக்கு யாரோ சொன்னார்கள், அந்த யாரோவுக்கு வேறு யாரோ சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பின்னாடி வண்டி என்று ஒன்று இல்லவே இல்லை.

மறுநாள் உச்சி வெயிலில், நாங்கள் போய்த் தங்கிய அபோஹர் பள்ளிக்கூடத்து முகாமுக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்த கால். தலையில் பெரிய தாம்பாளம், அதில் பதினொரு வீட்டு மாவும் புளித்துப் பொங்கி நின்றது. மைதானத்து ஓரம் குழி தோண்டினாள், செங்கல் அடுக்கினாள், எங்கேயோ ஓர் இரும்புத் தட்டை வாங்கி வந்து கவிழ்த்தாள். சுட்டுச் சுட்டு வீட்டுக்கு வீடு எண்ணிக் கொடுத்தாள். எங்கள் பங்கைக் கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "பெட்டியெல்லாம் பத்திரமா வந்து சேந்துச்சா?"

"ஆமாம்மா, ஏழும் வந்துருச்சு, கடவுள் புண்ணியம்" என்றார் மாமியார் சந்தோஷமாக. அந்த மனுஷிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் கேசரோ காலில் சக்கரம் கட்டிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மூட்டை: ஒரு போர்வை, ஒரு மாற்று உடுப்பு, ரொட்டி எடுக்கிற இரண்டு கம்பி, வறுத்த கடலை, வெல்லம். எல்லைப் பக்கம் ராணுவ வண்டி நாலு கூடுதலாகப் போனால் போதும், கதவுக்குப் பூட்டைப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மலோட் போய்விடுவாள். ராணுவம் ஒத்திகை பார்த்ததற்கு ஒரு தடவை ஓடினாள். ஆலைச் சங்கு நேரம் தப்பி ஊதியதற்கு ஒரு தடவை. கல்யாண வெடிக்கு ஒரு தடவை ஓடி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள், மூட்டையோடு ஆடச் சொல்லி அவளை இழுத்தார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல அடுப்பைப் பற்ற வைப்பாள்.

சந்தில் அவளை விட்டு வைப்பார்களா? எதிர்வீட்டுக் கமலேஷுக்கு வாய் சும்மா இருக்காது. "கேசரோ, எங்க வீட்டு குக்கர் விசில் அடிக்குது. இன்னும் மூட்டையைத் தூக்கலையா?"

"உன் புருஷன் கொறட்டைக்கே நான் ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்டி. குக்கரெல்லாம் எனக்குத் தூசு."

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். கேலி செய்தவர்களே நாளாக நாளாக அவளைப் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். ராணுவச் சமையல்காரன் கீரை வாங்க வரும்போது அவளிடம் நின்று பேசுவான், அவளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று ஒரு பேச்சு. கார்கில் சண்டை நேரத்தில் அவள் காலையில் கிளம்பினாள், சாயங்காலம் பாதிச் சந்து காலி. காலையில் எழுந்ததும் மூஞ்சி கழுவுகிறார்களோ இல்லையோ, கேசரோ அடுப்பில் புகை வருகிறதா என்று எட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. புகை வந்தால் ஊர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நானும் எட்டிப் பார்த்தவள்தான், மற்றவர்களை மட்டும் சொல்வானேன்.

இரண்டாயிரத்து ஒன்று டிசம்பரில் மறுபடியும் பிடித்தது சனி. டில்லியில் நாடாளுமன்றத்தில் சுட்டார்கள், இங்கே எங்கள் வயலில் கண்ணிவெடி புதைத்தார்கள். எல்லைக் கிராமத்து ஜனங்கள் கட்டில், எருமை, கிழவர், கோழி எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மணிக்கூண்டைத் தாண்டி நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஊருக்குள் இருக்கிறவர்களை யாரும் கிளம்பச் சொல்லவில்லை. ஆனாலும் யாருக்கும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் திலக் ராஜ் தினமும் ஸ்கூட்டரைத் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, வாசலைப் பார்த்து நிறுத்தி வைப்பார்.

கேசரோ அந்த முறை ஓடவில்லை. முழங்கால் வீங்கிக்கொண்டது, பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒருநாள் சாயங்காலம் என் மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள், "சுதேஷ், நீங்க கிளம்புறதா இருந்தா என் கதவைத் தட்டிட்டுப் போடி."

"என்னக்கா நீ? எப்பவும் முதல்ல ஓடுறவ நீதானே. நீதான் எங்க கதவைத் தட்டணும்."

அவள் தட்டுவதை நிறுத்தினாள். "முதல்ல ஓடணும்னா ஓடுறேன்? கடைசியா நிக்கக் கூடாதுன்னுதான்டி ஓடுறேன்."

எனக்கு முகாமும் அந்தத் தாம்பாளமும் ஞாபகம் வந்துவிட்டது. கையில் மாவு உருண்டை இருந்தது. "இந்த அன்னத்து மேல சத்தியம்க்கா. உன் கதவைத் தட்டாம நான் சந்தைத் தாண்ட மாட்டேன்" என்றேன். அவள் என் கன்னத்தில் மாவுக் கையோடு தட்டினாள். அன்றைக்கு ரொட்டி வழக்கத்தைவிட நன்றாக உப்பி வந்தது.

ஜனவரியில் ஒரு காலை. கையை நீட்டினால் விரல் தெரியாத பனிமூட்டம். எட்டு மணியாகிவிட்டது, பருத்திமார் விறகு எரிகிற வாசனை வரவில்லை. ஒன்பது ஆயிற்று. கமலேஷ் தாம்பாளத்தை இடுப்பில் வைத்தபடி முனை வரை போனவள் ஓட்டமாகத் திரும்பினாள்.

"அடுப்பு சில்லுனு கிடக்கு! கேசரோ போயிட்டா!"

அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒருவன் ரேடியோவைத் திருகினான், ரேடியோவில் பாட்டு வந்தது, 'பாட்டுப் போட்டு மறைக்கிறாங்க' என்றான் இன்னொருவன். பெட்டிகள் இழுபட்டன. ஒரு வீட்டில் அடுப்பில் இருந்த பாலை அப்படியே சாக்கடையில் கொட்டினார்கள். நான் துணியைத் திணித்துக்கொண்டிருந்தேன், உள்ளுக்குள் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கொதித்தது. என்னிடம் சத்தியம் வாங்கியவள், என் கதவைத் தட்டாமல் போய்விட்டாளே! நான் மட்டும் மாவு மேல் சத்தியம் பண்ண வேண்டும், மகாராணி சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவாளா?

திலக் ராஜ் ஸ்கூட்டரை உதைத்து ஹாரனை விடாமல் அடித்தார். சந்து முனையில் பாதை குறுகல், கேசரோ வாசலில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். அப்போது பார்த்தேன். கதவுச் சங்கிலி சும்மா தொங்கியது. பூட்டு இல்லை. முப்பது வருஷத்தில் அவள் பூட்டாமல் போனதே கிடையாது. கல்யாண வெடிக்கு ஓடியபோதுகூடப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடினாள்.

"என்னது, பூட்டைக் காணோம்?" என்றாள் பின்னால் ரிக்‌ஷாவில் இருந்த கமலேஷ்.

"ஓடுற அவசரத்துல பூட்டை மறந்துட்டா. விடு" என்றேன்.

இரண்டு எட்டு வைத்தால் கதவு. நான் இறங்கவில்லை. பனிமூட்டத்தின் மேல் பழி போடலாம், ஹாரன் மேல் போடலாம். எதற்கு? கோபத்தில் இறங்கவில்லை, அதுதான் உண்மை.

அபோஹரில் நாத்தனார் வீட்டில் இறங்கி டீ குடித்தபோதே மனசு குறுகுறுத்தது. மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தேடினேன், சத்திரத்தில் தேடினேன். யாரும் பார்க்கவில்லை. பூத்திலிருந்து மலோட்டுக்குப் போன் போட்டேன். "அத்தை இங்க வரலையே. எப்ப கிளம்பினாங்க?" என்று கேட்டாள் அண்ணன் மகள். நான் போனை வைத்தேன். அன்றைக்குக் கண்ணை மூடினால் அந்தச் சங்கிலிதான் தெரிந்தது.

விடிந்ததும் கிளம்பினேன். "பைத்தியமாடி உனக்கு? குண்டு விழுற ஊருக்கு ஒத்தையில போறியா?" என்று கத்தினார் திலக் ராஜ்.

"குண்டு விழுந்தா விழட்டும். நான் அன்னத்து மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நேத்து ஞாபகம் இல்லையா அந்தச் சத்தியம்?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் வேறு கிண்டல். "எல்லாரும் இந்தப் பக்கம் வர்றாங்க. அம்மா மட்டும் அந்தப் பக்கமா? சம்பந்தம் பேசப் போறீங்களா?"

மணிக்கூண்டில் இறங்கினேன். கடைகள் திறந்திருந்தன. செருப்புக் கடைக்காரன் சாவகாசமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தான். மிட்டாய்க் கடையில் எங்கள் ஊர் இனிப்பான தோஷா பொரிந்துகொண்டிருந்தது, நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். மிட்டாய்க்காரர் என்னைப் பார்த்துக் கரண்டியை நிறுத்தினார். "என்னம்மா, உங்க சந்துக்காரங்க எல்லாரும் ஏதாவது விசேஷத்துக்குப் போயிட்டீங்களா? நேத்துலேர்ந்து ஒருத்தரையும் காணோமே?"

ஊர் எங்கேயும் போகவில்லை. எங்கள் பதினொரு வீடுதான் ஓடியிருந்தது. நான் சந்துக்குள் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

கதவைத் தள்ளினேன். திறந்துகொண்டது. கேசரோ கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள், போர்வையைச் சுற்றிக்கொண்டு. ஒரு கால் இருக்கக் கூடாத விதமாகத் திரும்பியிருந்தது. மூட்டை அவிழ்ந்து கிடந்தது, வெல்லம் தீர்ந்து, கடலை ஒரு பிடி மிச்சம். அவ்வளவு வருஷம் சுமந்த மூட்டை கடைசியில் வீட்டுக்குள்ளேயே பயன்பட்டிருக்கிறது. முந்தின நாள் விடிகாலையில் விறகு எடுக்கப் போனவள் பனியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். தவழ்ந்து உள்ளே வந்தவளால் கட்டிலில் ஏற முடியவில்லை.

"அக்கா" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வந்துட்டியா?" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறாற்போல் இருந்தது. "தண்ணி குடு முதல்ல."

குடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "மயக்கம் தெளிஞ்சதும் நான் கூப்பிட்டேன்டி. உன் வீட்டுக்காரர் ஹாரன்ல ஒருத்தருக்கும் கேக்கலை. உன் குரல் மட்டும் எனக்கு நல்லா கேட்டுச்சு. 'பூட்டை மறந்துட்டா, விடு'ன்னே பாரு."

அவள் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் திட்டவில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, அந்தக் கடலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மிட்டாய்க்காரரும் செருப்புக் கடைக்காரனும் கட்டிலோடு தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாவுக்கட்டு போட்டு மறுநாள் வீட்டில் விட்டார்கள். "அடுப்பைப் பத்த வைடி, குளிருது" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தந்தூரில் கையை விட்டேன். முழங்கை வரை சுட்டுக்கொண்டேன், இரண்டு ரொட்டி கங்கிலேயே விழுந்தது. "உன் மாமியார் பாக்காம போய்ச் சேந்தாங்களே, புண்ணியவதி" என்றாள் கேசரோ கட்டிலில் இருந்தபடி. புகை மட்டும் நன்றாக எழும்பியது. பால்காரன் அதைப் பார்த்துவிட்டு அபோஹரில் போய்ச் சொன்னான், கேசரோ அடுப்பு எரிகிறது என்று. இரண்டே நாளில் பதினொரு வீடும் திரும்பி வந்துவிட்டது.

நடந்ததை நானே எல்லோருக்கும் சொன்னேன், பூட்டு சமாச்சாரம் உட்பட. அன்றிலிருந்து அவளுக்குப் பால் ஒரு வீட்டிலிருந்து, நெய் ஒரு வீட்டிலிருந்து. கமலேஷ் தினமும் வந்து தலை பின்னிவிட்டாள், ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. "ஏண்டி, நான் செத்துட்டேனா? ஏதாவது பேசுடி" என்று கேசரோவே அதட்டுவாள். வைகாசி வந்தபோது கோலை ஊன்றி அடுப்பருகே உட்கார்ந்துவிட்டாள். குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் ராணுவம் வந்த வழியே திரும்பியது. வயலில் கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்தார்கள். பல வருஷத்துக்கப்புறம் ஊரில் ஒரு வதந்திகூட இல்லை.

அப்படி ஒரு சாதாரண மத்தியானம். முற்றத்தில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். சந்து முனையில் யாரோ கோலால் கதவைத் தட்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் பேச்சு. அப்புறம் அடுத்த கதவு. அப்புறம் அதற்கடுத்தது. கடைசியாக என் கதவு.

முதுகில் மூட்டையோடு கேசரோ நின்றாள். முனையில் அவள் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது.

"மலோட் போறேன், சுதேஷ். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இப்ப என்னக்கா ஆச்சு? எல்லாம் முடிஞ்சு போச்சே. எப்ப வருவே?"

"வரலை."

கையில் இருந்த கத்தி கீழே விழுந்தது. "என் மேல கோபமாக்கா?"

"கோபம் இருந்தா உன் மாவை வேணும்னே கருக்கியிருக்க மாட்டேனா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "காது தூங்க மாட்டேங்குதுடி. யார் வண்டி கிளம்புது, யார் பெட்டி இழுக்கறாங்கன்னு கேட்டுக்கிட்டே கிடக்கு. முப்பது வருஷமாச்சு. மலோட்ல அண்ணன் மகளுக்கு ஒரே ஒரு ரூம்தான். நான் வாசல்படிகிட்ட பாயைப் போட்டுக்குவேன். என்னை மிதிக்காம ஒருத்தரும் வெளிய போக முடியாது."

நான் அவள் கையைப் பிடித்தேன். மாவு காய்ந்த கை. என்ன சொல்லி நிறுத்துவது? எந்த வாயால் நிறுத்துவது? அவள் மெதுவாகக் கையை உருவிக்கொண்டு, கோலை ஊன்றித் திரும்பினாள். இரண்டு அடி போனவள் நின்றாள்.

"கால் இப்படி இருந்தும் பதினோரு கதவையும் தட்டிட்டேன் சுதேஷ். மணிக்கூண்டைப் பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். அரை மணி நேரம்கூட ஆகலை."